'ரெயின் செக்' என்றால் மழை வருமா என்று பார்ப்பதா?

சேலத்துக்காரன்:
அமெரிக்காவிலிருந்து எங்கள் ஆபீசுக்கு வந்திருக்கும் மேனேஜரை ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே 'ஐ வில் டேக் எ ரெயின் செக்' என்றார். நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துவிட்டு 'நோ ரெயின் டுடே சார்' என்று சொல்லித் தொலைத்தேன். பக்கத்து சீட்டுக்காரன் இன்னும் சிரிக்கிறான். வர மாட்டேன் என்றுதான் அர்த்தமாம். சரி, இதில் மழை எங்கே வந்தது? திரும்பக் கூப்பிடலாமா?

மாடிவீட்டு மணி:
பேஸ்பாலில் வந்த மழை அது. கிரிக்கெட் மாதிரி அதையும் மழை கெடுக்கும், காசு கொடுத்தவன் சும்மா போவானா, அதனால் 1880களிலேயே அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு இருந்தது: மழையால் ஆட்டம் நின்றுபோனால் கையிலிருக்கும் டிக்கெட் துண்டைக் காட்டி இன்னொரு நாள் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் துண்டுதான் ரெயின் செக். செக் என்பது இங்கே சரிபார்ப்பதும் இல்லை, பேங்க் செக்கும் இல்லை. கோயில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு டோக்கன் தருவார்களே, அது. ஆனால் பொதுவாக 9 இன்னிங்ஸில் 5 முடிந்துவிட்டால் ஆட்டம் நடந்ததாகவே கணக்கு, அப்புறம் கொட்டித் தீர்த்தாலும் துண்டு செல்லாது.

டபரா காபி:
அங்கே சூப்பர் மார்க்கெட்டிலும் இது உண்டு. தள்ளுபடி போட்ட சாமான் தீர்ந்துபோனால் ஒரு சீட்டு எழுதித் தருவார்கள், சரக்கு வந்ததும் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே உங்கள் மேனேஜர் சொன்னது 'இன்றைக்கு முடியாது, அழைப்பை எடுத்து வைத்துக்கொள்கிறேன்' என்று. தாராளமாகத் திரும்பக் கூப்பிடுங்கள்.

மாடிவீட்டு மணி:
எல்லாரும் அப்படி மனசாரச் சொல்வதில்லை டபரா. நம் ஊரில் 'இன்னொரு நாள் பார்க்கலாம்' என்று நழுவுவதில்லையா, அந்த ரகமும் உண்டு. அவராகவே ஒரு நாளைச் சொன்னால் நம்பலாம். இன்னொன்று, அழைப்புக்குத்தான் இந்தப் பேச்சு. அவர் ரிப்போர்ட் கேட்கும்போது நீங்கள் ரெயின் செக் என்றால் வேலைக்கு வேட்டு.

சேலத்துக்காரன்:
இன்று மறுபடி கேட்டேன். வியாழக்கிழமை என்று அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு நிஜமாகவே மழை என்று போட்டிருக்கிறான்.