முழங்கை ஓட்டை, அந்து அரித்த பொட்டுகள்: ஸ்வெட்டரைத் தெரியும்படி பழுது பார்ப்பது எப்படி?

மலைக்குளிர் (கேள்வி)

வணக்கம். கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றில் மூன்று இடத்தில் பழுது. வலது முழங்கையில் 3 செ.மீ. ஓட்டை, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு நூல் தேய்ந்து வெளிச்சம் தெரிகிறது. முன்பக்கம் அந்துப்பூச்சி அரித்த மாதிரி நான்கு பொட்டு ஓட்டைகள். ஒரு கையின் மணிக்கட்டு ரிப் (விரிந்து சுருங்கும் வரிப் பின்னல்) ஓரம் பிய்ந்து தொங்குகிறது. அதே நிற நூல் கிடைக்காது. அதனால் மறைக்கப் பார்க்காமல் வேறு நிறத்தில், தெரியும்படியே போட ஆசை. பின்னத் தெரியும், டார்னிங் (ஊசி நூலால் ஓட்டையை அடைப்பது) புதிது. துணிக்குப் போடுவது போல நெடுக்கும் குறுக்குமாக நெய்துவிட்டால் போதுமா? அப்படி நெய்த சாக்ஸ்களில் ஓரம் சுருங்கி, பக்கத்திலேயே மறுபடி கிழிவதைப் பார்க்கிறேன். அது ஏன்? எந்த நூல், எந்த ஊசி?

பாவும்_ஊடையும்

முழங்கைக்கு நெய்தது போதாது. பின்னல் கண்ணி கண்ணியாகக் கோத்தது, இழுத்தால் விரியும். பாவும் ஊடையுமாக, அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலுமாக, நெய்த ஒட்டு அவ்வளவு விரியாது. கையை மடக்கும்போது சுற்றியுள்ள பின்னல் நீள்கிறது, ஒட்டு நீள்வதில்லை. இழுப்பு முழுக்க ஓரக் கண்ணிகள் மேல் விழுகிறது. ஒட்டு நன்றாக இருக்கும், அதைச் சுற்றி வட்டமாகப் புதுக் கிழிசல் வரும். தடித்த நூலில் இறுக்கிப் போட்டால் இன்னும் சீக்கிரம். விரியும் இடத்துக்கு விரியும் தையல்தான் போட வேண்டும். ஸ்வெட்டரில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். ஆன்லைனில் கொக்கி வைத்த குட்டித் தறி விற்கிறார்கள். பழைய லங்காஷயர் ‘ஸ்பீட்வீவ்’ தறியின் நகல். அது ஜீன்ஸுக்கு அருமை. ஸ்வெட்டர் முழங்கைக்கு வேண்டாம்.

முதலில் துவைத்துக் காயவையுங்கள். புது நூலையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை, வெளிர் நிற ஸ்வெட்டரில் அது போகவே போகாது. நூல் பழைய நூலின் தடிமனுக்குச் சமம் அல்லது ஒரு சுற்று மெலிசு. 10 செ.மீ. அகலத்தில் 28 கண்ணி வந்தால் 22ஆம் எண் ஊசி, 22 கண்ணி என்றால் 20, 18 கண்ணி என்றால் 18. முனை மழுங்கிய, காது நீண்ட ஊசியாக இருக்கட்டும். கூர் ஊசி பழைய நூலைப் பிளந்துகொண்டு போகும், கண்ணி ஒருபக்கம் கோணும்.

கிழியாமல் தேய்ந்த இடத்துக்கு ஸ்விஸ் டார்னிங். நேர்ப்பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியும் ‘வி’ வடிவில் தெரிகிறதல்லவா? கீழ் வலது மூலையில் தொடங்குங்கள். ஊசியைப் பின்னாலிருந்து ‘வி’யின் கீழ் முனையில் வெளியே எடுங்கள். நேர் மேலே உள்ள கண்ணியின் இரண்டு கால்களுக்கும் பின்னால் வலமிருந்து இடமாக நுழைத்து எடுங்கள். புறப்பட்ட அதே கீழ் முனையில் திரும்ப உள்ளே விட்டு, அதே வீச்சில் இடப்பக்கத்துக் கண்ணியின் கீழ் முனையில் வெளியே வாருங்கள். வரிசை முடிந்ததும் மேல் வரிசையில் இடமிருந்து வலமாகத் திரும்புங்கள். புது நூல் பழையதன் மேல் அதே பாதையில் படுக்கிறது. அதனால் அதே அளவு விரிகிறது. பழைய நிறம் இடையில் எட்டிப் பார்த்தால் நூல் மெலிசு, அல்லது இழுத்துவிட்டீர்கள். விறைத்து நின்றால் நூல் தடிமன்.

தேய்ந்த இடத்தைத் தாண்டி நல்ல பின்னலில் மூன்று நான்கு கண்ணிவரை போங்கள். ஓரத்தை நேர்கோட்டில் முடிக்காதீர்கள். வரிசைக்கு வரிசை ஒன்றிரண்டு கண்ணி முன்பின்னாக நிறுத்தினால் இழுப்பு ஒரே கோட்டில் விழாது. 8 செ.மீ. சதுரத்துக்கு 8, 9 மீட்டர் நூல் பிடிக்கும். ஒரு தடவைக்கு 45 செ.மீ.க்கு மேல் கோக்க வேண்டாம், உரசி உரசிப் பஞ்சாகிவிடும். முடிச்சு போடாதீர்கள். இரண்டு முனையிலும் 8 செ.மீ. வால் விட்டு, பின்பக்கம் சாய்வாக ஓட்டி மறையுங்கள்.

அடியில் வைக்க டார்னிங் காளான் (காளான் வடிவ மரக்கட்டை) இல்லையென்றால் உப்புத்தாளில் வழுவழுப்பாகத் தேய்த்த கொட்டாங்குச்சி போதும். அதன் மேல் துணியைப் போடுங்கள், இழுத்துக் கட்டாதீர்கள். இழுத்து வைத்துத் தைத்தால் எடுத்ததும் சுருங்கும். சாக்ஸ் ஓரம் சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டூசி

ஓட்டைக்கு நான் சொல்கிறேன். சுற்றி ஸ்விஸ் டார்னிங் முடித்த பிறகு இதைத் தொடங்குங்க. பலமான அடித்தளம் மேலதான் ஒட்டு நிக்கணும்.

ஓட்டைக்கு இரண்டு வரிசை கீழே, ரெண்டு பக்கமும் இரண்டு கண்ணி தள்ளி, ஒரே வரிசையில் ஒவ்வொரு கண்ணியோட வலது காலையும் மெல்லிய பின்னல் ஊசியில் எடுங்க. வரிசை பிசகாம இருக்க முதலில் வெள்ளை நூலை ஓட்டி அடையாளம் போட்டுக்கிட்டா நல்லது. புது நூலைச் சேர்த்து, ஸ்வெட்டர் பின்னின ஊசியைவிட ஒரு சைஸ் சின்ன ஊசியில் பின்னுங்க. ஒவ்வொரு வரிசை முடிவுலயும், ஒட்டின் கடைசிக் கண்ணியோட ஸ்வெட்டரில் அதுக்கு நேரா இருக்கிற கண்ணியின் ஒரு காலையும் சேர்த்து ஒண்ணாப் பின்னணும். அப்படிச் செய்தா ஒரு பக்கம் இரண்டு வரிசைக்கு ஒரு தடவை பிடிக்கும். ஸ்வெட்டரில் ஒரு வரிசையைத் தவறவிட்டா ஒட்டு சுருங்கும். ஸ்வெட்டரின் ஒரே வரிசையில் இரண்டு தடவை பிடிச்சா உப்பும். எண்ணிக்கிட்டே போங்க.

ஓட்டைக்கு மேலே இரண்டு வரிசை தாண்டினதும் கண்ணிகளை மூடாதீங்க. மூடினா தடிச்ச விளிம்பு வரும், அது முழங்கையில் உறுத்தும். வால் நூலை ஊசியில் கோத்து, திறந்த ஒவ்வொரு கண்ணியையும் ஸ்வெட்டரில் நேர் கண்ணியோட ஸ்விஸ் டார்னிங் மாதிரியே தைச்சிடுங்க. கடைசியா உள்பக்கம் திருப்பி, ஓட்டையின் திறந்த கண்ணிகளை மெல்லிய நூலால் ஒட்டோட பின்பக்கத்தில் தளர்வாப் பிடிங்க. கத்தரிச்சு ஓரத்தைச் சுத்தமாக்க நினைக்காதீங்க, கண்ணி இன்னும் ஓடும்.

மணிக்கட்டு: கீழிருந்து மேலாப் பின்னின கையில, பின்னல் ஆரம்பிச்ச ஓரத்திலிருந்து நூலை இழுத்துப் பிரிக்க முடியாது, ஒவ்வொரு கண்ணியிலும் சிக்கும். நல்லா இருக்கிற வரிசையில் ஒரே ஒரு கண்ணியை வெட்டி, அந்த நூலைக் கண்ணி கண்ணியா உருவுங்க. மேல திறந்து நிக்கிற கண்ணிகளை ஊசியில் பிடிச்சுக் கீழ்நோக்கி ரிப் பின்னுங்க. திசை மாறுறதால ரிப் அரைக் கண்ணி நகர்ந்து தெரியும். சேரும் இடத்தில் இரண்டு வரிசை சாதாரணப் பின்னல் வேறு நிறத்தில் போட்டுட்டா அது தெரியாது. கடைசியில் தளர்வா மூடுங்க, இல்லேன்னா கை நுழையாது.

திருப்பூர்_நூல்

ஒரு விஷயம் சேர்க்கிறேன், இதைப் படித்துவிட்டு டீசர்ட்டில் ஸ்விஸ் டார்னிங் முயல்பவர்களுக்காக. பனியன் துணியும் பின்னல்தான், ஆனால் 24 கேஜ் இயந்திரத்தில் அங்குலத்துக்கு 24 ஊசி. அந்தக் கண்ணியைக் கண்ணால் பின்தொடர முடியாது. பழைய பனியனிலிருந்து மூலைகள் வளைவாக இருக்கும்படி ஒரு துண்டை வெட்டி, விரியும் திசை ஒத்துப்போகும்படி உள்பக்கம் வையுங்கள். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு மூன்று இழை பிரித்து, 3 மி.மீ. ஓட்டுத் தையலை வளைந்து வளைந்து போடுங்கள். நேர்கோட்டில் போட்டால் இழுக்கும்போது நூல் அறும். ஊசி பால்பாயின்ட், அதாவது முனை உருண்டது. சாதாரணக் கூர் ஊசி கண்ணியை வெட்டிவிட்டால், துவைத்தபின் தையல் ஓரமெல்லாம் சிறு ஓட்டைகளாகத் திறக்கும்.

மலைக்குளிர்

மிக்க நன்றி. ஒரு இழையை எரித்துப் பார்த்தேன். முடி கருகும் வாசமும் வந்தது, முனையில் கடினமான மணியும் திரண்டது. அப்படியானால் கம்பளியா, அக்ரிலிக்கா? பொட்டு ஓட்டைகளுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பாவும்_ஊடையும்

கம்பளியோடு அக்ரிலிக் போன்ற செயற்கை இழை கலந்தது. தனிக் கம்பளி முடி வாசத்தோடு கருகி, சாம்பல் விரலில் நொறுங்கும். தனி அக்ரிலிக் உருகிக் கடினமாகும், முடி வாசம் வராது. அந்தின் புழுவுக்கு இரை கம்பளிப் புரதம், அதனால் உங்கள் பொட்டுகள் அந்து வேலையாகவே இருக்கலாம். ஓரத்தில் மணல் போன்ற எச்சமோ சிலந்தி நூல் போன்ற படலமோ இருக்கிறதா பாருங்கள். ஓட்டையிலிருந்து ஒரு கோடு இழுபட்டிருந்தால் அது ஆணியில் மாட்டியது.

அந்து என்றால் தைப்பதற்கு முன்னால் அதைக் கொல்ல வேண்டும். காற்றை அழுத்தி வெளியேற்றிய பிளாஸ்டிக் கவரில் மூடி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் 2 வாரம் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி அவ்வளவு குளிராது. வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் துணி மேல் நீர் கோக்கும். திறந்த பீரோவில் இரண்டு அந்துருண்டை போடுவது இதற்கு ஈடாகாது. பிறகு ஸ்வெட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நான்கு ஓட்டைக்குப் பக்கத்தில் பாதி அரிபட்ட இழைகள் இன்னும் இருக்கும்.

மார்புப் பக்கம் முழங்கை போல விரியாது. அங்கே 1.5 செ.மீ. அளவில் நெய்யலாம், உங்கள் முதல் யோசனை இங்கே சரி. திறந்த கண்ணிகளை மெல்லிய நூலால் பிடித்து, ஓட்டையைச் சுற்றி அரை செ.மீ. தள்ளி ஓட்டுத் தையல் போட்டு, அதற்குள் பாவு இழைகளை ஒரு நூல் தடிமன் இடைவெளியில் ஓட்டுங்கள். திரும்பும் இடங்களில் குட்டி வளையம் விடுங்கள், துவைக்கும்போது நூல் சுருங்க இடம் வேண்டும். ஊடையை ஒன்று மேலே ஒன்று கீழே என்று நெய்து, ஊசியின் காதால் தட்டி நெருக்குங்கள்.

கலப்பு நூலானதால் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள், ஆவியும் வேண்டாம். அக்ரிலிக் ஒரு முறை தளர்ந்தால் வடிவம் திரும்பாது. தைத்து முடிந்ததும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் ஒட்டைச் சுற்றிய கண்ணிகள் நீண்டுவிடும்.