ராத்திரியில் வீட்டைச் சோதனை போட போலீஸுக்கு அதிகாரம் உண்டா?

நிலைக்கதவு:
பொழுது சாய்ந்தபின் போலீஸ் வீட்டுக்குள் சோதனைக்கு வரக்கூடாது என்று பலரும் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி இருக்கிறதா? வாரண்ட் இல்லாமல் வந்தால் கதவைத் திறக்க மறுக்கலாமா?

வெண்சங்கு:
அந்தக் கட்டுப்பாடு பெண்களைக் கைது செய்வதற்கு உள்ளது, பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதில் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 43(5). வீட்டுச் சோதனைக்கு அந்தச் சட்டத்தில் நேர வரம்பு இல்லை. அதன் 96-ஆம் பிரிவில் தரும் சோதனை வாரண்ட், நிறைவேற்றப்படும் வரை அல்லது ரத்தாகும் வரை செல்லும். கையில் வாங்கியதும் நீதிமன்ற முத்திரையையும் எந்த இடம் என்பதையும் பாருங்கள். கடையை மட்டும் சோதிக்கலாம் என்று வரையறுத்திருந்தால் அந்த வாரண்டை வைத்து வீட்டுக்குள் நுழைய முடியாது.

கேணிக்கரை:
வாரண்ட் இல்லாமலும் வரலாம், பி.என்.எஸ்.எஸ். 185-ஆம் பிரிவு. ஆனால் தேடும் பொருள் எது, அங்கே இருப்பதாக ஏன் நம்புகிறார், வாரண்டுக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை விசாரணை அதிகாரி கிளம்பும் முன்பே கேஸ் டைரியில் எழுதியிருக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போகவேண்டும். மனுப் போட்டால் வீட்டுக்காரருக்கும் இலவசமாகத் தருவார்கள், கட்டாயம் வாங்குங்கள். வாசலில் மறிக்காதீர்கள். திறக்காவிட்டால் பூட்டை உடைக்கச் சட்டமே இடம் தருகிறது.

நிலைக்கதவு:
கஞ்சா வழக்கென்றால் வேறு விதியா?

கேணிக்கரை:
ஆமாம், சூரியக் கணக்கு உண்மையில் வருவது அங்கேதான். 1985 போதைப்பொருள் சட்டம் 42-ஆம் பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமல் கட்டடத்துக்குள் நுழைவது சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான். இரவில் நுழைய, வாரண்ட் வாங்கப் போனால் சரக்கை மறைத்துவிடுவார்கள் அல்லது ஆள் தப்பிவிடுவார் என்று நம்பும் காரணத்தை முதலில் எழுதவேண்டும். நகல் 72 மணி நேரத்தில் நேர் மேலதிகாரிக்குப் போகவேண்டும். இதை அடியோடு செய்யாமல் விட்டால் வழக்கு நிற்காது. தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் இருந்தால் நிற்கும். 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது இது. பஸ் ஸ்டாண்ட் போன்ற பொது இடத்துக்கு அதே போதைப்பொருள் சட்டத்தின் 43-ஆம் பிரிவு; அங்கே இரவு பகல் பேதம் இல்லை.

மைக்கூடு:
நேரத்தைவிட மகஜரில்தான் (கைப்பற்றிய பொருள்களின் பட்டியல்) பல வழக்குகள் ஆட்டம் காண்கின்றன. அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கோடு தொடர்பில்லாத இரண்டு சாட்சிகளாவது சோதனையின்போது நிற்கவேண்டும். ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதி அங்கேயே கையெழுத்து வாங்கிய மகஜர் குறுக்கு விசாரணையில் கிழிந்துபோகும். 'செல்போன் 1' என்று எழுதினால் போதாது. நிறம், ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), படுக்கையறை பீரோவின் எந்தத் தட்டில் இருந்தது, எல்லாம் வரவேண்டும். காலி வரிகளைக் கோடிட்டு அடித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகல் உங்கள் உரிமை. பெண்களின் உடலைப் பெண்தான் சோதிக்கலாம்.

1.7.2024 முதல் சோதனை முழுவதையும், பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட, வீடியோ எடுக்கவேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 105). பாதியில் வெட்டிய வீடியோ என்றால் வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

வெண்சங்கு:
ஒன்றைச் சேர்க்கிறேன். சோதனையில் முறைகேடு என்பதற்காக மட்டும் கிடைத்த பொருளை நீதிமன்றம் ஒதுக்கிவிடாது. உச்ச நீதிமன்றத்தின் பூரன் மல் வழக்குத் தீர்ப்பிலிருந்து (1974) இதுதான் நிலை. முறைகேட்டைக் காட்டி அந்தச் சாட்சியத்தின் நம்பகத்தன்மையைத்தான் உடைக்கவேண்டும். அதனால் போலீஸ் எத்தனை மணிக்கு வந்தது, சாட்சிகள் எப்போது வந்தார்கள் என்பதை அன்றிரவே தேதியிட்டு எழுதி வையுங்கள்.