பறைய எவ்ளோ காய்ச்சினாலும் பெட்டியோட சுருதி சேரல, ஏன்?

குடியாத்தம் தம்பி:
எங்க ஊரு கூத்து ஜமாவுல (கூத்துக் குழுவுல) ஆர்மோனியப் பெட்டி வாசிக்கறவரு பக்கத்துல ஒக்காந்துகினு, பறைய அவரு சுருதிக்கு கொண்டாரலாம்னு நெருப்புல காட்டி காட்டி பாத்தேன். சத்தம் ஏறுது, ஆனா இதான் சுருதின்னு ஒரு எடத்துல நிக்கல. கூத்து மிருதங்கம் மட்டும் அழகா சேந்துகினு போவுது, ரெண்டும் தோலுதானே? அப்பறம், நடுவுல அடிச்சா தொம்முன்னு அமுங்குது, ஓரத்துல அடிச்சா கணீர்னு வருதே, அது ஏன்?

காட்பாடி மிருதங்கம்:
மிருதங்கத்தோட வலந்தலைல, அதான் வலது பக்கத் தோலுல, கருப்பா கரணை இருக்கு பாருங்க, கல்லுப்பொடியும் சோறும் கொழைச்சு கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு ஏத்துவாங்க. எல்லாம் அதுலதான் இருக்கு.

ஆற்காடு வாத்தியார்:
அவரு சொன்னது சரி தம்பி. ஒரு அடிக்கு தோலு ஒரே ஆட்டம் ஆடறதில்ல, பல ஆட்டம் ஒன்னா ஆடுது, முழு தோலும் மேல கீழ போறது ஒன்னு, குறுக்க ஒரு கோடு மட்டும் அசையாம நிக்க ரெண்டு பாதியும் எதிரெதிரா ஆடறது இன்னொன்னு, உள்ள ஒரு வட்டம் அசையாம நிக்கறது வேற. வெறும் தோலுல மொத ஆட்டத்தோட அதிர்வு 1ன்னா அடுத்தது 1.59, அப்பறம் 2.14, 2.30ன்னு போவும், அதான் காதுக்கு ஒரே சுருதியா சேராது. காய்ச்சினா ஈரம் போயி தோலு இறுகும், ஆனா எல்லா ஆட்டமும் ஒரே அளவுல ஏறும், விகிதம் மாறவே மாறாது. கரணை நடுவுல கனத்த ஏத்தி அந்த விகிதத்தையே 1, 2, 3, 4, 5 கிட்ட கொண்டாந்துடுது. சி.வி.ராமன் இத 1920லயே எழுதினாரு, 1934ல இன்னும் விரிவா, தோலு மேல மணல் தூவி பாத்து ஒம்போது ஆட்டம் அஞ்சு சுருதிக்குள்ள அடங்குதுன்னு காட்டினாரு. நோபல் வாங்கின வேலைய விட எனக்கு இதுதான் புடிக்கும்.

நடுவுல அடிக்கற விஷயம்: குறுக்குக் கோடு எல்லாமே நடுப்புள்ளி வழியாதான் போவுது, அதனால அங்க அடிச்சா அந்த ஆட்டம் எதுவும் எழும்பாது, ஓரத்துல அடிச்சாதான் எழும்பும்.

காட்பாடி மிருதங்கம்:
ஐயா, அப்ப மிருதங்கத்துல 'நம்'ங்கற அடி வாசிக்கறப்ப மோதிர விரல தோலு மேல லேசா வைக்கறோமே, அது?

ஆற்காடு வாத்தியார்:
அதேதான். விரல் பட்ட எடம் அசையாம நிக்குது, முழு தோலும் ஆடற மொத ஆட்டம் அடங்கிடுது, குறுக்குக் கோடு ஆட்டம் கேக்குது.

குடியாத்தம் தம்பி:
ஐயா, நேத்து பறைய படுக்க வச்சு, பின்னாடி தொறந்த பக்கம் ஸ்பீக்கர் வச்சு, மேல சலிச்ச மணல் தூவி பாத்தேன். நேரா நடுவுக்கு கீழ ஸ்பீக்கர் இருந்தப்ப குறுக்குக் கோடு வரவே இல்ல. ஓரமா தள்ளி வச்சு ஸ்பீக்கர் சுருதிய மெதுவா ஏத்தினேன், ஒரு எடத்துல மணல் எல்லாம் நகந்து நடுவால ஒரே கோடா நின்னுச்சு. எங்க அப்பாவ கூப்ட்டு காட்டினேன், முப்பது வருஷமா அடிக்கறவரு, ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தாரு.