கபடி மேட்ச் வீடியோவுக்குப் பாட்டு செட் ஆகவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

மண்தரை:
பொங்கலுக்கு நடந்த போட்டியில் எங்கள் ஊர் டீம் பைனல் வரை போனது. நான் ஃபோனில் எடுத்தது, பசங்க வாட்ஸ்அப்பில் அனுப்பியது எல்லாம் சேர்த்து ஏகப்பட்ட கிளிப் கிடக்கிறது. மூன்று நிமிட வீடியோவாக்கி யூடியூபில் போடணும். ஒரு சினிமா பிஜிஎம்மைப் போட்டு, பீட்டுக்கு ஒரு கட் என்று வைத்தால் தலை சுத்துது, யார் யாரைப் பிடித்தார்கள் என்றே புரியலை. ஸ்லோ மோஷன் போட்டால் விட்டு விட்டு ஓடுது. பாட்டை 30 விநாடிக்குள் எடுத்தால் காப்பிரைட் வராதாமே, உண்மையா?

கார்னர்7:
பீட்டுக்கு ஒரு கட் வைக்கிற பழக்கம் டான்ஸ் வீடியோவிலிருந்து வந்தது, கபடிக்கு ஒத்துவராது. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி, அதில் பாதிக்கு மேல் ரெய்டர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நோட்டம் பார்ப்பதிலேயே போகும், அதைத் தயங்காமல் வெட்டுங்கள். ஆனால் அவர் கால் நீட்டித் தொடுவதிலிருந்து நடுக்கோட்டைத் தொடும் வரை ஒரே ஷாட்டாக விடணும், நடுவில் வெட்டினால் ஆள் வந்து சேர்ந்தாரா இல்லையா என்று பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். பீட் விழ வேண்டியது அந்தத் தொடுதலிலோ, கணுக்காலைப் பிடிக்கிற நொடியிலோதான். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டு என்றால் அரை விநாடிக்கு ஒரு பீட், விநாடிக்கு 30 ஃப்ரேம் ஓடுகிற டைம்லைனில் 15 ஃப்ரேம். முதலில் பாட்டை மட்டும் ஓட விட்டு, கனமாக அடிக்கிற இடங்களில் மார்க்கர் வையுங்கள். அப்புறம் கிளிப்பை நகர்த்தி, பிடி அங்கே வந்து விழுகிற மாதிரி பண்ணுங்கள். சூப்பர் டேக்கிள் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு அகல ஷாட் கட்டாயம், ரெய்டரைப் பிடிக்கிற டீமில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோதான் களத்தில் நிற்கிறார்கள் என்று தெரியாவிட்டால் கூட்டம் ஏன் கத்துகிறது என்றே புரியாது.

ஃப்ரேம்ரேட்:
ஸ்லோ மோஷன் திணறுவதற்குக் காரணம் 30 ஃப்ரேமில் எடுத்ததைப் பாதி வேகத்துக்கு இழுப்பது, இல்லாத ஃப்ரேமுக்கு சாஃப்ட்வேர் எங்கே போகும். அடுத்த தடவை 60இல் எடுங்கள், 30 டைம்லைனில் பாதி வேகத்துக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். இன்னொன்று, ஃபோன் வீடியோவில் ஃப்ரேம் ரேட் நிலையாக இருக்காது, சில எடிட்டர்களில் சத்தமும் படமும் போகப் போக விலகும். ஹேண்ட்பிரேக் என்கிற இலவச சாஃப்ட்வேரில் போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட் பண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததெல்லாம் நசுங்கித்தான் வந்திருக்கும், பசங்களிடம் டாக்குமென்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

பிட்மைக்:
அந்த 30 விநாடிக் கதை சுத்தப் புரளி, அப்படி ஒரு விதியே கிடையாது. சினிமா பிஜிஎம் என்றால் யூடியூபின் கன்டென்ட் ஐடி, அதாவது பாட்டைத் தானாக அடையாளம் காணும் சிஸ்டம், பெரும்பாலும் பிடித்துவிடும். அது க்ளைம், அதாவது பாட்டு தன்னுடையது என்று உரிமை கோருவது; சேனல் மேலேயே விழுகிற ஸ்ட்ரைக் வேறு. க்ளைம் வந்தால் பெரும்பாலும் வீடியோ நிற்கும், விளம்பரக் காசு பாட்டின் உரிமைக்காரருக்குப் போகும், சில சமயம் மொத்தமாக பிளாக்கும் ஆகலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாக எடுங்கள், சிலவற்றுக்குப் பெயர் போட்டு நன்றி சொல்லணும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் இலவச மியூசிக்கே போட்டாலும், மேட்ச் நடுவில் மைக் செட்டில் ஓடிய சினிமா பாட்டு உங்கள் கிளிப்பில் பதிந்திருந்தால் அதற்கும் க்ளைம் வரலாம். அந்த இடத்தில் ஒரிஜினல் சத்தத்தை ம்யூட் பண்ணுங்கள்.

மண்தரை:
ஐயோ, மைக் செட்டைப் பற்றி யோசிக்கவே இல்லை, பாதி கிளிப்பில் பாட்டு ஓடுது. ஒரிஜினல் சத்தத்தை மொத்தமாகத் தூக்கிடவா?

கார்னர்7:
வேண்டாம் தம்பி, அதைத் தூக்கினால் கபடியே போச்சு. பாட்டு ஓடாத கிளிப்பிலிருந்து விசில், கூட்டத்தின் சத்தம், ரெய்டர் பாடிக்கொண்டு போகிற சத்தம் மூன்றையும் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரெய்டு தொடங்கும்போது மியூசிக்கை நன்றாகத் தணித்து அந்தக் ‘கபடி கபடி’ மட்டும் கேட்கட்டும், பிடி விழும்போது மியூசிக்கை முழுசாகத் திறந்துவிடுங்கள். மைக்கில் பேசினவர் வாய்ஸ் நல்லா இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதையும் சேர்க்கலாம்.

பிட்மைக்:
போடும்போது முதலில் பிரைவேட்டாக ஏற்றுங்கள். அப்லோட் பண்ணும்போது வருகிற ‘Checks’ (சோதனை) பகுதியில் க்ளைம் எதுவும் காட்டாமல் இருந்தால் அப்புறம் பப்ளிக் பண்ணிக்கலாம்.