வான்கோ விற்றது "ஒரே ஒரு ஓவியம்": இந்தக் கதையை எப்போது விடுவீர்கள்?

கரித்துண்டு:
நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார்: "டச்சு ஓவியர் வான்கோ வாழ்நாளில் விற்றது ஒரே ஒரு ஓவியம். நீங்களும் மனம் தளராதீர்கள்." படித்துப் படித்துச் சலித்துவிட்டது. 1882இல் ஹேக் நகரக் காட்சிகளை வரைந்து தரச் சொல்லி அவருடைய சித்தப்பா கோர் பன்னிரண்டு பேனாப் படங்கள் வாங்கினார். மொத்தம் 30 கில்டர், அன்றைய டச்சுக் காசு. அது என்ன கணக்கு?

செம்மண்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாமே. சித்தப்பா கொடுத்தது கைச்செலவுக் காசு, விற்பனை இல்லை. உண்மையில் விற்றது 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்', 1890, பிரஸ்ஸல்ஸ் கண்காட்சி, 400 பிராங்க். வாங்கியவர் அன்னா பாக். முடிந்தது.

கரித்துண்டு:
எங்கே முடிந்தது? அன்னா பாக் யார்? வான்கோவின் நண்பர் யூஜின் பாக்கின் அக்கா. அந்த யூஜினை 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் வைத்து வான்கோ வரைந்திருக்கிறார். நண்பரின் அக்கா வாங்கினால் விற்பனை, சித்தப்பா வாங்கினால் கைச்செலவா? அந்தச் சித்தப்பா ஆம்ஸ்டர்டாமில் ஓவிய வியாபாரி. 30 கில்டர்!

நீலவானம்:
ஓவியம் என்று எதைச் சொல்கிறீர்கள்? பேனாப் படமும் சேர்த்தியா?

செம்மண்:
அப்படியானால் தம்பி தியோ மாதாமாதம் அனுப்பிய பணத்தையும் விற்பனையில் சேர்த்துவிடுங்கள். ஓவியங்கள் அவருக்குத்தானே போயின.

கரித்துண்டு:
சேர்க்கலாம்தான். 1884இல் வான்கோவே தியோவிடம், நீ அனுப்பும் பணத்தை என் படங்களுக்கான விலையாக வைத்துக்கொள்வோம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தில் இருக்கிறது. கடிதம் படிக்கிற பழக்கம் உண்டா?

தூரிகைத்தாத்தா:
பிள்ளைகளா, முதலில் பெயரை ஒழுங்காக எழுதுங்கள். டச்சுக்காரர் வாயில் அது "ஃபான் ஹோஹ்". பிரான்சில் யாருக்கும் சொல்ல வராது என்றுதான் மனுஷன் வெறும் "வின்சென்ட்" என்று கையெழுத்துப் போட்டார்.

கரித்துண்டு:
ஐயா, வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டது பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள். நுனி மட்டும்தான் போனது என்று அடித்துச் சொன்னீர்கள். அப்போது சிகிச்சை செய்த மருத்துவர் ஃபெலிக்ஸ் ரே வரைந்த படம் 2016இல் வெளிவந்ததே, கிட்டத்தட்ட முழுக் காதும் போயிருக்கிறது என்று காட்டியதும் ஆளையே காணோம்.

தூரிகைத்தாத்தா:
காணாமல் போகவில்லை. கண் அறுவை சிகிச்சை.

நீலவானம்:
அந்தத் திராட்சைத் தோட்டத்தை யாராவது நிதானமாகப் பார்த்தீர்களா? குனிந்து பழம் பறிக்கிற பெண்கள், மஞ்சள் சூரியன், வலது ஓரத்தில் மின்னுகிற ஆறு...

செம்மண்:
ஆறு இல்லை, மழை விட்டதும் வெயில் பட்டு மின்னுகிற ஈரச் சாலை. இதுகூடத் தெரியாமல் வந்துவிடுகிறார்கள்.

நீலவானம்:
சாலையில் அவ்வளவு தண்ணீரா? எனக்கு ஆறாகத்தான் தெரிகிறது.

செம்மண்:
உங்களுக்குத் தெரிவதற்கு வான்கோ என்ன செய்வார்?

கரித்துண்டு:
ஆற்றுக்குள் ஒளிய வேண்டாம் செம்மண். 30 கில்டருக்குப் பதில் எங்கே?

செம்மண்:
சித்தப்பா காசு, சித்தப்பா காசுதான். பத்தாவது முறை சொல்கிறேன்.

தூரிகைத்தாத்தா:
ஹோஹ்.