மறு: ‘கிரியேட்டிவ் ஃபோக்கஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

கொலாஜ் கையேட்டுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையைத் தாமதமாகத்தான் பார்த்தேன். கை முழுக்கப் பசை. கழுவிவிட்டு வந்து தட்டச்சுகிறேன்.

> கொலாஜ் கையேட்டில் ‘கிரியேட்டிவ் ஃபோக்கஸ்’ என்று வருமிடமெல்லாம் ‘படைப்பாக்கக் குவியம்’ என்று போட்டுவிடலாம். ஃபோக்கஸ் என்றால் குவியம் என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

இருக்கிறது, சரி. ஆனால் அது வில்லையின் குவியம். ஒட்டோவியத்தில், அதாவது துண்டுகளை ஒட்டிச் செய்யும் கொலாஜில், ஃபோக்கஸ் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை உண்டு. பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்கிற இடத்தை ஃபோக்கல் பாயின்ட் என்கிறோம். அது தாளில் இருப்பது. நாம் சொல் தேடுவதோ செய்பவரிடம் இருப்பதற்கு, அவர் வேலையில் ஒன்றிப்போகிற நிலைக்கு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் சமாளிக்கிறது என்பதற்காக நாமும் சமாளிக்க வேண்டுமா? தாளில் இருப்பதற்குக் குவியம் என்றே இருக்கட்டும். மற்றதற்கு வேறு சொல் வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. குவிதல் என்றால் எல்லாம் ஒரு புள்ளிக்கு வந்து சேர்வது. ஒட்டுகிறவர் மேசையில் அப்படி நடப்பதில்லை. நேற்று என் மேசையில் ஒரு பழைய நிலப்படம், இரண்டு இசைக்குறிப்புத் தாள், கிழித்த உறையின் உட்பக்கத்து நீலக் கட்டம், ஒரு துருப்பிடித்த ஊக்கு, இவ்வளவும் கிடந்தன. ஒரு மணி நேரம் நகர்த்திக்கொண்டே இருந்தேன். கண் மேய்கிறது, கை துழாவுகிறது, ஒன்றையும் ஒட்டவில்லை. யாராவது பார்த்திருந்தால் இவளுக்கு வேலையில் கவனமே இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்புறம் நீலக் கட்டத்தின் ஓரம் நிலப்படத்தில் ஓடிய ஆற்றுக்கோட்டின் மேல் தற்செயலாகப் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான். இசைத்தாள் இரண்டும் வேண்டாம் என்று கைக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியாது.

இந்த இரண்டாம் பாதிக்குத்தான் பெயர் வேண்டும். முதல் பாதி இல்லாமல் அது வராது என்பதையும் அந்தப் பெயர் மறைக்கக் கூடாது. அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரவுஷன்பர்க் பாடம் செய்த அங்கோரா ஆடு ஒன்றை வைத்துக்கொண்டு 1955இல் தொடங்கினார். இருமுறை அமைத்துப் பார்த்து மனம் ஒப்பாமல் மாற்றி, 1959இல்தான் அதைக் கிடைமட்டப் பலகையில், இடுப்பில் டயரோடு நிறுத்தி முடித்தார். அந்த நான்கு வருடத்தைக் கவனக்குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஃபோக்கஸ் என்ற சொல்லின் கதை தெரிந்தால் குவியத்தை இவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்ள மாட்டோம். லத்தீனில் அது வீட்டுக் கணப்பு, அடுப்பு. 1604இல் ஒளியியல் எழுதிய வானியலாளர் கெப்ளர்தான் அதை எடுத்து ஒரு புள்ளிக்குப் பெயராக வைத்தார். அவர் வீட்டிலிருந்த சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டுபோனார். நாம் கணிதத்திலிருந்து எடுத்துப் பசைக்கையில் திணிக்கப் பார்க்கிறோம்.

இழையில் மற்றவர்கள் முன்வைத்த சொற்களில் ‘ஒருமுகச் சிந்தை’ தியான வகுப்பு வாடை அடிக்கிறது. ‘ஆக்கக் கவனம்’ அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது, ‘கவனமாக ஆக்கவும்’ என்று. ‘லயிப்பு’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் பாட்டில் லயிப்பது பெரும்பாலும் கேட்பவர். லயித்தவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நம் ஆளுக்குக் கத்தரிக்கோல் ஓட வேண்டும்.

என் முன்மொழிவு: தோய்வு.

‘இலக்கணத்தில் தோய்ந்தவர்’ என்று சொல்வதில் வரும் அதே தோய்தல்தான். அதோடு, இது எங்கள் மேசையிலேயே கிடக்கிற சொல். கனத்த தாளுக்குப் பசை தடவியதும் அட்டையில் அப்பிவிடக் கூடாது. ஈரம் பட்டால் தாள் விரியும், இழையோட்டத்துக்கு, அதாவது தாளின் நார் ஓடும் திசைக்கு, குறுக்கே இன்னும் அதிகமாக விரியும். உடனே ஒட்டினால் அட்டையின் மேல் போய் விரிந்து சுருக்கம் விழும். ஓரிரு நிமிடம் தோய விட வேண்டும். முதலில் ஓரம் சுருளும், பிறகு தானாகப் படியும். படிந்த பிறகு எடுத்து வைத்தால் சொன்னபடி கேட்கும். மனதுக்கும் இதே கதைதான் என்பது என் அனுபவம்.

---

அக்கா, விளக்கம் அருமை. ஆனால் அச்சுக்கோப்பவனாக எனக்கு ஒரு பயம். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையில் ஒரு விரல் வழுக்கினால் ‘தோய்வு’, ‘தொய்வு’ ஆகிவிடும். பொருள் நேர்மாறு! ‘கலைஞருக்குத் தொய்வு அவசியம்’ என்று அச்சாகி வந்தால் யார் பொறுப்பு? எழுத்துத் திருத்தியும் பிடிக்காது, இரண்டுமே சரியான சொல்.

இன்னொன்று, உளவியல்காரர்கள் சொல்கிற ‘ஃப்ளோ’வும், அதாவது செய்யும் வேலையில் முழுக்க மூழ்கிப்போகிற நிலையும், இதுவும் ஒன்றா? ஒன்றென்றால் அதற்குத் தனியாகச் சொல் தேடத் தேவையில்லை. மேலும், தோய்வு ஏற்கெனவே அகராதியில் இருப்பது. இருக்கிற சொல்லை எடுத்து வைப்பது கலைச்சொல்லாக்கம் ஆகுமா?

---

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். 1919இல் ஜெர்மன் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸ் ஒரு வங்கி விளம்பரத்தை வெட்டி ஒட்டினார். அதில் ‘கொமெர்ட்ஸ்’, அதாவது வணிகம், என்ற சொல்லில் ‘மெர்ட்ஸ்’ மட்டும் மிஞ்சியது. அந்த நறுக்கையே தன் கலை முழுவதற்கும் பெயராக்கிக்கொண்டார். இருந்ததை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் புதிதாகிறது என்பதுதானே எங்கள் தொழிலே!

ஃப்ளோவும் இதுவும் பக்கத்து வீடு, ஒரே வீடு இல்லை. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி 1975இல் அந்தச் சொல்லை நூலில் வைத்தபோது, தன்னிடம் பேசியவர்கள் ஏதோ நீரோட்டம் தங்களைத் தூக்கிச் செல்வது போல இருந்தது என்று சொன்னதிலிருந்து எடுத்தார். அது சதுரங்கம் ஆடுகிறவருக்கும் மலை ஏறுகிறவருக்கும் பொது. அதற்கு ‘ஒழுக்கு’ என்றோ வேறு ஏதோ வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. கையேட்டில் வருவது இதைவிடச் சின்ன விஷயம். குப்பையாகக் கிடக்கிற துண்டுகளில் எது படத்துக்குள், எது வெளியே என்று கைக்குத் தெரியத் தொடங்குகிற நிலை.

கலைச்சொல்லை வாக்கியத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கையேட்டின் நாலாம் பாடத்திலிருந்து:

“தோய்வு கூடவில்லையா? துண்டுகளைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு நிறத்தை முழுக்க விலக்கிவிடுங்கள்.”

“சேகரிக்கிற நாளும் ஒட்டுகிற நாளும் வேறாக இருக்கட்டும். ஒட்டும்போது இதழ் புரட்டினால் கட்டுரை படிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், தோய்வு கலையும்.”

கூடுகிறது, கலைகிறது. இரண்டு வினையோடும் ஒட்டுகிறது. இதே இடத்தில் ‘படைப்பாக்கக் குவியம் கலையும்’ என்று போட்டு வாசித்துப் பாருங்கள்.

கொம்புப் பிரச்சினை உண்மைதான், மறுக்கவில்லை. பசையில் அதிகம் தோய்ந்த தாள் தொய்ந்துதான் போகும், தூக்கினால் கிழியும். சொல்லிலும் அப்படியே அமைந்ததை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். ஆனால் மெய்ப்புப் பார்க்கிறவருக்கு அது சிரிப்பில்லை. நூலில் ‘தொய்வு’ என்ற சொல்லையே எங்கும் பயன்படுத்தாமல் தளர்ச்சி, சுணக்கம் என்று எழுதிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் ‘தொய்’ என்று தேடினால் வருவதெல்லாம் பிழை. சரிதானே?

---

சரி அக்கா, ஒப்புக்கொண்டேன். ஆனால் முதல் பாதியை அநாதையாக விட்டுவிட்டீர்களே? கண் மேய்கிறது, கை துழாவுகிறது என்றீர்கள். அதற்கும் ஒரு சொல் வேண்டாமா?

---

வேண்டும். ‘துழாவல்’ என்றே வைக்கலாம், இருட்டில் கை தேடுவதும் அதுதான். எடுத்துக்காட்டுக்குப் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் இருக்கிறார். 1940களில் வண்ணம் பூசிய தாள்களை வெட்டினார், உதவியாளர்கள் சுவரில் ஊசியால் குத்தினார்கள், அவர் சொல்லச் சொல்ல இடம் மாற்றினார்கள். பசை கடைசியில்தான். கையேட்டில் இந்த வரிசையில் போடலாம்:

துழாவல் – துண்டுகளை ஒட்டாமல் நகர்த்தி இடம் தேடும் நிலை.
தோய்வு – தேர்வும் விலக்கலும் கைக்குப் பிடிபட்டு, வேலை தடையின்றிச் செல்லும் நிலை.
குவியம் – படத்தில் பார்ப்பவர் கண் முதலில் நிற்கும் இடம்.

அகரவரிசைப்படி குவியம்தான் முதலில் வரும் என்று யாராவது சொல்வீர்கள். சொல்லடைவில் அப்படியே போடுங்கள், பாடத்துக்குள் மட்டும் இந்த வரிசை இருக்கட்டும். ‘மிக்ஸ்டு மீடியா’வுக்குக் கலவை ஊடகமா கலப்பூடகமா என்பதை வேறு இழையில் தொடங்குங்கள். அந்தத் துருப்பிடித்த ஊக்கு பசைக்கு நிற்க மாட்டேன் என்கிறது, நூல் போட்டுத் தைக்கப் போகிறேன்.