மலை இறங்கும்போது மட்டும் காது அடைப்பது ஏன்? (ஊட்டி – மேட்டுப்பாளையம்)

கேத்தி_வண்டி:
வணக்கம்ங்க. சுற்றுலா வர்ற குடும்பங்க மேல ஏறும்போது ஒண்ணும் சொல்றதில்ல. இறங்கும்போதுதான், பர்லியார் வர்றதுக்குள்ள காது அடைக்குது, வலிக்குதுங்கறாங்க. கைக்குழந்தைங்க வீறிட்டு அழுவுது. ஏறும்போது வராத வலி இறங்கும்போது ஏன் வருது? மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதறது சரிதானா? சிலர் பஞ்சு வைக்கறாங்க, சிலர் நீலகிரித் தைலம் ரெண்டு சொட்டு காதுல விடறாங்க. இதெல்லாம் உதவுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குன்னூர்_இஎன்டி:
நல்ல கேள்வி. காரணத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

செவிப்பறை 0.1 மி.மீ. தடிமன்தான். அதற்கு உள்ளே நடுச்செவி என்கிற சின்னக் காற்றறை. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகளும் இருப்பது அங்கேதான். அந்த அறைக்குக் காற்று வந்துபோக ஒரே வழி யூஸ்டேஷியன் குழல். பெரியவர்களுக்குச் சுமார் 3.5 செ.மீ. நீளம், மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் போய்த் திறக்கும். காதுப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு எலும்பு, மீதி குருத்தெலும்பும் சவ்வுமாக மெத்தென்று இருக்கும். சாதாரணமாக மூடியேதான் இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மெல்லண்ணத்துத் தசை இழுத்து அதைக் கண நேரம் திறக்கும்.

ஏறும்போது வெளி அழுத்தம் குறைகிறது, உள்ளே காற்று மிகுந்துவிடுகிறது. வித்தியாசம் 15 மி.மீ. பாதரச அளவுக்கு வந்ததும் அந்தக் காற்றே குழலைத் தள்ளித் திறந்துகொண்டு தொண்டைக்குள் போய்விடும். காதில் 'பொட்' என்று கேட்பது அதுதான். இறங்கும்போது நிலைமை தலைகீழ். தொண்டைப் பக்கத்து அழுத்தம் அதிகமாகி, மெத்தென்ற அந்தப் பகுதியை இன்னும் அமுக்கி மூடுகிறது. தானாகத் திறக்க வழியே இல்லை, தசைதான் திறக்க வேண்டும். வித்தியாசம் 90 மி.மீ.யை நெருங்கினால் தசைக்கும் அந்த பலம் கிடையாது. குழல் பூட்டிக்கொள்ளும். செவிப்பறை உள்நோக்கி இழுபடும், வலிக்கும்.

ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் ஏறக்குறைய 580 மி.மீ. மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவு, அங்கே 730. ஊட்டியில் காலித் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி வண்டியில் போட்டுவைத்தால் கீழே நசுங்கிக் கிடப்பது இந்த 150-ஆல்தான். ஊட்டியிலிருந்து ஒரு தடவைகூட விழுங்காமல் இறங்குகிறவருக்கு, கணக்குப்படி, 1,100 மீட்டர் உயரத்துக்கு வரும்போதே குழல் பூட்டிவிடும். பர்லியார் அதற்கும் கீழே. அங்கே வண்டியை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுப்பது அதனால்தான் பலிப்பதில்லை. வெல்லிங்டன் தாண்டும்போதே, வலியே இல்லாவிட்டாலும், சில நிமிடத்துக்கு ஒரு மடக்கு என்று ஆரம்பித்துவிட வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கினாலும் பழனி இறங்கினாலும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிச் சாலையில் மொத்த இறக்கம் குறைவு. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவில் மளமளவென்று இறங்கிவிடுவதால் விழுங்கக் கிடைக்கும் நேரமும் குறைவு.

(செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை இருப்பவருக்கு இந்த அடைப்பு வரவே வராது. அதற்காக ஓட்டையை அப்படியே விட்டுவைக்கச் சொல்லவில்லை!)

கோவை_ஆடியோ:
மூக்கைப் பிடித்து ஊதுவது பற்றி. இத்தாலிய மருத்துவர் வால்சால்வா பேரால் வழங்கும் முறை இது. செய்யலாம், ஆனால் பலர் செய்வது தப்பு. கன்னம் புடைக்க, முகம் சிவக்க ஊதக்கூடாது. வாயை மூடி, மூக்கைப் பிடித்து, மெதுவாக, ஓரிரு நொடி. காது திறந்ததும் விட்டுவிடுங்கள். முக்கி ஊதினால் உட்செவியின் வட்டச் சாளரச் சவ்வு கிழிந்து திரவம் கசியலாம். அப்போது திடீர்ச் செவிடும் தலைசுற்றலும் சேர்ந்து வரும். மூக்கில் கெட்டிச் சளி இருக்கும்போது ஊதினால் அது குழல் வழியே நடுச்செவிக்குள் ஏறும்.

அதைவிட நான் முதலில் சொல்வது மூக்கைப் பிடித்தபடி ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குவது. இதில் தசை வேலை செய்கிறது, முரட்டு அழுத்தம் கிடையாது. இரண்டும் பலிக்கவில்லை என்றால், முடிகிற இடத்தில் வண்டியைத் திருப்பி இருநூறு, முந்நூறு மீட்டர் உயரம் திரும்ப ஏறி, அங்கே விழுங்க வைத்துவிட்டு நிதானமாக இறங்குங்கள். பூட்டிய குழலுக்கு இதுதான் சரியான வழி. ஓட்டுநர்கள் சிரிப்பார்கள், தெரியும்.

கீழே வந்தபின்னும் ஒரு காது மந்தமாகவே இருந்தால் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் நடுச்செவி அடைப்பு. நாலைந்து நாளில் இறங்கும், நீர் கோத்திருந்தால் சில வாரம் ஆகும். நல்ல காதில் பலமாகக் கேட்டால் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அன்றைக்கே காது மருத்துவரிடம் போய்விடுங்கள், ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தாலும், தலைசுற்றினாலும் அப்படித்தான்.

கோடை_செவிலி:
குழந்தைகளுக்குக் குழல் சின்னது, பெரியவர்களைப் போலச் சரிவாக இல்லாமல் கிட்டத்தட்டப் படுக்கை வாக்கில் இருக்கும், சளியும் அடிக்கடி. அதனால் சீக்கிரம் மாட்டிக்கொள்கிறார்கள். தூக்கத்தில் விழுங்குவது வெகு குறைவு, எனவே இறக்கம் தொடங்குமுன் எழுப்பிவிடுங்கள். கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் அல்லது பாட்டில், தலையை நிமிர்த்திப் பிடித்து. ஆனால் வயிறு முட்டக் கொடுத்தால் மூன்றாவது வளைவில் சீட்டெல்லாம் வாந்தி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். மூன்று, நான்கு வயதுக்கு உறிஞ்சுகுழாயில் தண்ணீர். சூயிங்கமும் கெட்டி மிட்டாயும் வேண்டாம், வளைவில் குலுங்கித் தொண்டையில் சிக்கும்.

தைலம்: காதுக்குள் ஒரு சொட்டும் கூடாது. காதின் தோல் எரியும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நேராக நடுச்செவிக்குள் இறங்கும். அடைப்பு செவிப்பறைக்கு அந்தப் பக்கம், வெளியிலிருந்து ஊற்றி என்ன பயன்? குழந்தைகள் சில மி.லி. விழுங்கினாலே வலிப்பு வரும் பொருள் அது. மூக்கடியில் தடவுவதும் வேண்டாம். பஞ்சு குளிருக்கு ஆகும், அழுத்தத்துக்கு ஆகாது. காதை இறுக அடைக்கும் இயர்போனையும் இறங்கும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள்.

கேத்தி_வண்டி:
ரொம்ப நன்றிங்க டாக்டர், நன்றிங்க சிஸ்டர். சளி பிடிச்ச ஆளு அன்னிக்கே இறங்கித்தான் ஆகணும்னா? ரயில்ல போனா தேவலையா?

குன்னூர்_இஎன்டி:
ரயில் தேவலை. மேட்டுப்பாளையம் வர மூன்றரை மணி நேரம் ஆவதால் விழுங்க நிறைய அவகாசம். ஆனால் குழல் சளியால் வீங்கியிருந்தால் ரயிலிலும் அடைக்கும். பெரியவர்கள் கிளம்ப அரை மணி முன்னால் சைலோமெட்டாசோலின் 0.1% மூக்குச் சொட்டு போடலாம். ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்தான். குழந்தைகளுக்கு வேறு அளவு, அதையும் கேட்டுத்தான். சளி உங்களுக்கே என்றால், சிட்ரிசின் மாத்திரை போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்காதீர்கள். தூக்கம் வரும்.